மடக்குக் கத்தியோடு கொமரலிங்கம் வரை

காலை ஏழு பத்துக்கு உடுமலை பஸ் திருப்பூரை விட்டுக் கிளம்பியது. தொண்ணூற்றைந்தாம் வருஷம், வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. டிக்கெட் எட்டு ரூபாய் ஐம்பது காசு. என் மடியில் ஒரு ஒயர்க் கூடை. அதற்குள் நாலு இட்லி, ஒரு பாட்டில் தண்ணீர், பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட ஒரு மடக்குக் கத்தி. இட்லி எனக்கு. தண்ணீர் எனக்கு. கத்தி யாருக்கு என்று தெரிந்துகொள்ளத்தான் போகிறேன்.

அது பழைய ஸ்கவுட் கத்தி. பள்ளிக்கூடத்துப் பையன்கள் முகாமுக்குப் போகும்போது இடுப்பு வாரில் தொங்கவிட்டுப் போவார்களே, அது. ஒரு முனையில் வளையம் இருக்கும். உள்ளே ஒரு பெரிய அலகு, டப்பா திறக்க ஒன்று, சோடா மூடி திறக்க ஒன்று, தோலில் ஓட்டை போட ஒரு குத்தூசி. வெளியே இரண்டு பக்கமும் எலும்புக் கைப்பிடி. இந்த மாதிரிக் கத்திகள் என் வீட்டில் பிஸ்கட் டப்பாவுக்குள் முப்பத்தொன்று இருக்கின்றன. என் வயசுக்காரர்கள் கோயில் கோயிலாகப் போய்த் திருநீற்றுப் பொட்டலம் சேர்க்கிறார்கள். நான் இதைச் சேர்க்கிறேன். அவர்களுடையது காற்றில் பறந்துவிடும், என்னுடையது பறக்காது.

ஆரம்பித்தது நூல் வெட்டத்தான். பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். பிசிறு நூல் வெட்ட ஏதாவது கிடைக்குமா என்று காதர் பாயின் பழைய இரும்புக் கடைக் குவியலைக் கிளறினேன். மூன்று ரூபாய்க்கு ஒரு துருக்கட்டி கிடைத்தது. மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மூட்டுகளைத் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, நகம் உடைய இழுத்தேன். திறந்துகொண்டது. மடக்கியபோது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே அடுத்த வாரமும் போனேன். பிறகு காதர் பாயே எனக்கென்று எடுத்து வைக்க ஆரம்பித்தார். கைப்பிடி ஒரு பக்கம் உடைந்திருந்தால் எருமைக் கொம்புச் சீப்பை அறுத்து ஒட்டுவேன். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. சீப்பைத் தேடுகிற மருமகளுக்குத்தான் தெரியும்.

முப்பத்திரண்டாவது கத்தி பங்குனி மாதம் வந்தது. பந்து மாதிரிச் சேறு, அதற்குள் கத்தி. சேற்றுக்குள் காற்றுப் படாமல் கிடந்திருக்கிறது போல, துரு மேலோடு நின்றிருந்தது. ஐந்தே நாளில் திறந்துகொண்டது. பெரிய அலகின் அடிப்பக்கத்தில் மட்டும் சின்னச் சின்னப் புள்ளிகள். ஆணியை வைத்துக் கல்லால் தட்டினால் விழுமே, அந்த மாதிரி.

இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது. செக்கிங்கில் நிற்பவளுக்குப் புள்ளி என்றால் ஆயில் ஸ்பாட், எண்ணெய்க் கறை. எடுத்தால் பீஸ் பாஸ், எடுக்காவிட்டால் ரிஜெக்ட். ஒரு புள்ளியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. மருமகளின் புதுப் புடவையிலிருந்துகூட ஒன்றை எடுத்திருக்கிறேன். அது டிசைன் என்று அவள் அழுத பிறகுதான் தெரிந்தது. கத்தியை இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். புள்ளிகள் வரிசையாக இருந்தது தேய்க்கும்போதே தெரிந்தது. துரு வரிசையாகப் பிடிக்காது என்பதும் தெரியும். ஆனாலும் தேய்த்தேன். கடைசியில் அலகு கண்ணாடி மாதிரி ஆனது. என் முகத்தை அதில் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துக் காதர் பாய் கூப்பிட்டு அனுப்பினார். அந்த லோடு கொமரலிங்கத்திலிருந்து வந்ததாம். அங்கே ஒரு தோட்டத்துப் பாழுங்கிணற்றில் தூர் வாரியவர்கள், சேற்றில் அகப்பட்ட வாளி, சங்கிலி, கத்தி எல்லாவற்றையும் தோட்டத்துக்கார அம்மாவிடம் சொல்லாமல் எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்த அம்மாவின் பெயர் செல்லாத்தாள். அவருடைய அண்ணன் நாச்சிமுத்து முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கவுட் முகாமுக்குப் போனவர். திரும்பி வரவே இல்லை.

"அந்தம்மா கேக்குறது ஒண்ணே ஒண்ணுதாங்க" என்றார் காதர் பாய். "அதுல பேரு இருந்துச்சான்னு. அவங்க அண்ணன் ஆணியில தட்டிப் பேரு போட்டிருந்தாராம். இருந்தா அது அவரு கத்தி. இல்லாட்டி வேற யாருதோ. நீங்க கொண்டுபோய்க் காட்டுனாப் போதும், திருப்பிக் குடுத்தர்றேன்னு சொல்லிவிட்டிருக்காங்க."

நான் சரி என்றேன். அவர் கொடுத்த டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

காலை 7.50. பல்லடம், பதினைந்து கிலோமீட்டர். பக்கத்தில் ஒரு பெண் ஏறி உட்கார்ந்தாள். மதுரைப் பக்கம், திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர், சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்கு உடுமலை போகிறாள். கூடையில் என்ன என்று கேட்டாள். கத்தி என்றேன். சிரித்தாள். நான் உண்மையைச் சொல்லும்போதெல்லாம் ஆட்கள் சிரிப்பது வழக்கம்.

பஸ் தெற்கே திரும்பியதும் பனியன் கம்பெனிகள் நின்றுபோய், மழையை நம்பிக் கிடக்கிற வெறும் மேட்டாங்காடு. வெயில் எட்டு மணிக்கே வெள்ளையாக இருந்தது. தூரத்தில் புதிதாக நட்ட காற்றாலைகள். ஒன்றுகூடச் சுற்றவில்லை. கையை விரித்துக்கொண்டு யாரையோ எதிர்பார்த்து நிற்கிற மாதிரி நின்றன. அவ்வளவு பேர் சேர்ந்து ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போதுதான் மடி குளிர்ந்தது. பாட்டில் ஒழுகுகிறது என்று நினைத்துக் கூடைக்குள் கைவிட்டேன். பாட்டில் மூடி இறுக்கமாக இருந்தது, வெளியே ஒரு சொட்டு இல்லை. இட்லிப் பொட்டலம் காய்ந்திருந்தது. கத்தி சுற்றிய துணி மட்டும் நனைந்திருந்தது. காலையில் அதை நானே கொடியிலிருந்து மொடமொடவென்று எடுத்துச் சுற்றினேன். பிரித்துக் கத்தியைத் துடைத்து, துணியின் காய்ந்த பக்கத்தை உள்ளே வைத்துத் திரும்பச் சுற்றினேன்.

காலை 9.00. குடிமங்கலம் நால்ரோடு. பஸ் பத்து நிமிஷம் நின்றது. நாலு இட்லியில் இரண்டைத் தின்றேன். மிச்சம் இரண்டைத் தின்ன முடியவில்லை, வாயில் பாசி வாடை. டெய்லர் பெண் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கீழே தண்ணீர் ஓடுகிறது, காலெல்லாம் சில்லென்று இருக்கிறது என்றாள். பிறகு கூடையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முன்னால் காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். முன்னால் இருந்தது என்ஜின்.

கண்டக்டர் வந்து சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங் ஆத்தா, மீனு கீனு கொண்டு போறீங்களா? சீட்டெல்லாம் ஈரம் பண்ணிப்போட்டீங்க."

"மீனா இருந்தா அதுக்கும் டிக்கெட் வாங்கீருப்பனுங்க சாமி."

"அப்பறம் என்னதானுங்க அது?"

"கெணத்துக்குள்ள இருந்து ஊட்டுக்குப் போகுது" என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். சொன்ன பிறகு கூடையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன். அவர் விசிலை ஊதிக்கொண்டு முன்னால் போனார்.

காலை 9.50. உடுமலை. பஸ் நிலையத்தில் கூடையைக் கவிழ்த்துத் துணியை முறுக்கிப் பிழிந்தேன். அரை டம்ளர் தண்ணீர் விழுந்தது. கலங்கல் இல்லை, தெளிந்த தண்ணீர். நல்ல துணியாக இருந்தால் உறிஞ்சியதைத்தான் விடும் என்று செக்கிங்கில் சொல்வோம். இது எதை உறிஞ்சியது? கத்தி வியர்க்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயில் காலத்தில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை.

திரும்பிப் போய்விடலாமா என்று அங்கே ஒரு தடவை நினைத்தேன். திருப்பூர் பஸ் எதிரிலேயே நின்றது. போய், கத்தி தொலைந்துவிட்டது என்று காதர் பாயிடம் சொல்லலாம். பொய் எனக்குப் பழக்கம்தான், சின்னதாக, சிரிக்கிற மாதிரி. ஆனால் செல்லாத்தாள் முப்பத்தெட்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறார். நான் தேய்த்தது இரண்டு நாள்.

காலை 10.40. கொமரலிங்கம் டவுன் பஸ், இரண்டு ரூபாய் ஐம்பது காசு. பதினெட்டு கிலோமீட்டர் என்றார்கள். இந்தப் பக்கம் நீங்கள் போனதில்லை என்றால், உடுமலை தாண்டியதும் நம்ப மாட்டீர்கள். மேட்டாங்காடு போய், வாய்க்கால், நெல் வயல், தென்னந்தோப்பு என்று பச்சை ஆரம்பிக்கும். அமராவதித் தண்ணீர். அந்த வருஷம் ஆறு மெலிந்து கிடந்தது, வாய்க்காலில் பாதிதான் ஓடியது. அதனால்தான் பழைய கிணறுகளையெல்லாம் தூர் வாருகிறார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

காலை 11.35. கொமரலிங்கம். கடைவீதியில் ஒரு டீக்கடையில் செல்லாத்தாள் தோட்டத்துக்கு வழி கேட்டேன். கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு வெயிலைப் பார்த்தார்.

"பாழுங்கெணத்துத் தோட்டங்களா? ரெண்டு கிலோமீட்டரு நடக்கோணும். உச்சி வேளையாச்சுங்களே. கையில இரும்பு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"இருக்குதுங்க."

"அப்ப பயமில்ல, போங்க" என்றார்.

கூடைக்குள் இருந்ததை அவரிடம் காட்டவில்லை. காத்துக்கருப்பு அண்டாமலிருக்கத்தான் இரும்பு. இரும்பே கூட்டிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று கேட்க நினைத்தேன். பாவம், டீ ஆறிவிடும்.

வாய்க்கால் கரை மேலே மண் பாதை. இரண்டு பக்கமும் தென்னை. ஆள் இல்லை, ஆடு இல்லை, கீழே கிடக்கிற மட்டைகூட அசையவில்லை. என் நிழல் காலுக்கடியில் சுருண்டுவிட்டது. கத்தியின் வளையம் நான் எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடிக்கும் 'கிளிங்' என்றது. துணிக்குள் இறுக்கிச் சுற்றிய வளையம் எப்படிச் சத்தம் போடும் என்று பாதி வழியில்தான் தோன்றியது. நின்றேன். இன்னும் ஒரு தடவை 'கிளிங்' என்றது. நான் நின்றது அதற்குத் தாமதமாகத் தெரிந்திருக்கிறது.

அங்கிருந்து நான் நடந்த வேகத்தை என் மகன் பார்த்திருந்தால், முட்டி வலி என்று இனி நான் சொல்வதை நம்பவே மாட்டான்.

தோட்டத்து முனையில் கிணறு. கரையெல்லாம் வெட்டிப்போட்ட முள். தூர் வாரிய மண் பக்கத்தில் குவிந்திருந்தது. குவியலின் அடியில் கருஞ்சேறு, அதற்கு மேலே நல்ல செம்மண், உச்சியில் மறுபடி கருஞ்சேறு. கிணற்றுக்குள் செம்மண் எப்படி வந்தது என்று நினைத்துக்கொண்டே கடந்தேன்.

பகல் 12.15. செல்லாத்தாள் வாசலில் நின்றிருந்தார். நாற்பத்தெட்டு வயசு இருக்கும், ஒல்லி. தனியாகத்தான் இருக்கிறார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வந்து பொண்ணு கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்து, அம்மாவும் போய்விட்டார்களாம். வாங்க அக்கா, வெயில்ல வந்திருக்கீங்க என்று மோர் கொடுத்தார். கத்தியைக் கையில் வாங்கவில்லை. எங்கள் பக்கமும் அப்படித்தான், கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். துணியைப் பிரித்துத் தரையில் வைத்தேன். துணி சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

வெளியிலிருந்து வந்த இரும்பு எலுமிச்சம்பழம் அறுக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாதாம். அதுவும் கிணற்றுக்குள் கிடந்தது. பித்தளைத் தட்டில் பழம் தயாராக இருந்தது. கத்தியை எடுத்துப் பெரிய அலகைத் திறந்தார். சுலபமாகத் திறந்தது, என் வேலை. பழத்தை வாசல்படியில் வைத்து இரண்டாக அறுத்தார். சாறு அலகு முழுவதும் ஓடியது. துடைக்காமல் அப்படியே தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோனார். துடைக்கக் கூடாது போலிருக்கிறது. ஈரமான அலகைப் பார்த்து என் கைதான் துடித்தது.

உள்ளே இரண்டு இலை போட்டிருந்தார். நான் ஒன்றின் முன்னால் உட்காரப் போனேன்.

"அது உங்குளுக்கு இல்லீங் அக்கா. இப்பிடி உக்காருங்க."

அந்த இலையில் சோறு, பருப்பு, அவரைக்காய்ப் பொரியல் எல்லாம் வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார். அண்ணனுக்கு. தினமும் பகலில் வைக்கிறார். அம்மா வைத்தார்கள், அவர் போன பிறகு இவர். சாயங்காலம் காக்காய்க்குப் போடுகிறார். நான் காலியான இலைக்குப் பக்கத்தில் விருந்து சாப்பிட்டிருக்கிறேன். நிறைந்த இலைக்குப் பக்கத்தில், ஆள் இல்லாமல் சாப்பிட்டதில்லை. சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அது நேராக மேலே போகாமல், யாரோ குனிந்து மூச்சு விடுகிற மாதிரி அவ்வப்போது கலைந்தது. காற்று இல்லை என்று சொன்னேன் அல்லவா.

சாப்பிடும்போதே செல்லாத்தாள் சொன்னார். அண்ணனுக்குப் பதினாலு வயசு, இவருக்குப் பத்து. முகாம் ஏழெட்டு மைல் தள்ளி, ஆற்றங்கரையில். இரண்டாம் நாள் மத்தியானம் பையன் முகாமில் இல்லை. ஆற்றில் இறங்கியிருப்பான் என்று ஆற்றைத்தான் தேடினார்கள். வலை போட்டார்கள். வீட்டுப் பக்கம் யாரும் தேடவில்லை. முகாமை விட்டு அவன் ஏன் வீட்டுக்கு வரப்போகிறான்?

"அந்த வாரம் தோட்டத்துல ஒரே வாடைங்க" என்றார். அவர் கை என் இலைக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தது. "பாழுங்கெணத்துப் பக்கமிருந்து. மேலெல்லாம் முள்ளு மூடிக் கெடக்கும். நாய் உளுந்து செத்துப்போச்சுன்னு எங்கப்பன் ரெண்டு வண்டி செம்மண்ணு கொண்டாந்து கொட்டுனாருங்க. நானும் வண்டியில உக்காந்து வந்தனுங்க."

ரசம் இலையை விட்டு ஓடியது. இருவருமே அதைத் தடுக்கவில்லை.

"கத்தி அந்தச் செம்மண்ணுக்குக் கீழதான் கெடந்துச்சுன்னு சொல்றாங்க" என்றார். "அதனால கேக்கறனுங் அக்கா. நீங்கதான தொடச்சீங்க. அதுல பேரு இருந்துச்சுங்களா?"

இதற்காகத்தான் அறுபது மைல் மாதிரி நீண்ட அந்த வழியெல்லாம் பதில் தேடிக்கொண்டு வந்தேன். வரிசையாக இருந்த புள்ளிகள் என் கண்ணுக்கு முன்னால் நின்றன. அவற்றை எழுத்தாக நான் படிக்கவில்லை, அது உண்மை. ஆனால் எதுவும் இல்லை என்பது உண்மையில்லை. தேய்த்துவிட்டேன் என்று சொன்னால், அவர் கடைசிவரை தெரியாமலே கிடப்பார். இருந்தது என்று சொன்னால், அப்பா மகன் மேலேயே மண் கொட்டியதாக ஆகும். இவர் அந்த வண்டியில் உட்கார்ந்து வந்ததாக ஆகும்.

"இல்லீங்க அம்மிணி" என்றேன். "சுத்தமா இருந்துச்சுங்க. பத்தொம்போது வருசம் செக்கிங்குல நின்னவ நானு. எம்பட கண்ணுக்கு ஒரு புள்ளி தப்பாதுங்க."

அவர் ரசச் சட்டியைக் கீழே வைத்தார். தோள் இரண்டும் இறங்கின. நான் வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். பல் வரிசை அழகு. அண்ணன் எங்காவது வடக்கே மில்லில் இருப்பார், இப்போது ஐம்பத்திரண்டு வயசு, தலை நரைத்திருக்கும், எங்கள் அப்பாவுக்குச் சீக்கிரமே நரைத்தது என்று பேசிக்கொண்டே போனார். எனக்கு இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்றினார். நானும் குடித்தேன். என் ஆயுசில் சொன்ன பொய்களில் இவ்வளவு நன்றாக விற்ற பொய் வேறு இல்லை.

கத்தியைத் திருப்பிக் கொடுக்கிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பித்தளைத் தட்டை எடுக்க எழுந்து போனார். தட்டோடு வந்தவர் பாதியில் நின்றார். பிறகு வந்து என் முன்னால் தரையில் வைத்தார்.

எலுமிச்சம்பழச் சாறு காய்ந்து, அலகு முழுக்க மங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது. நான் முகம் பார்த்த கண்ணாடி போய்விட்டது. அடிப்பக்கத்தில், நான் இரண்டு நாள் தேய்த்த அதே இடத்தில், கறுப்பாகப் புள்ளிகள். ஒன்று, இரண்டு என்று இல்லை. எல்லாம். அவசரமில்லாமல், ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு பையன் ஆணியை வைத்துத் தட்டிய அதே வரிசையில் எழுந்து வந்திருந்தன. மூன்றாம் வகுப்போடு நின்ற நான்கூட எழுத்துக் கூட்டாமலே படித்தேன். 'நாச்சி' என்று இருந்தது.

ஆணி அடித்த இரும்பு உள்ளேயும் அடி வாங்கியிருக்கும், புளிப்புப் பட்டால் காட்டிக்கொடுக்கும் என்று பிறகு ஒரு லேத் பட்டறைக்காரர் சொன்னார். இருக்கலாம். அவர் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை.

செல்லாத்தாள் கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதுன்னீங்ளே அக்கா."

"புள்ளின்னு நெனச்சுத் தேச்சுப்போட்டனுங்க" என்றேன். "சொல்றதுக்கு வாய் வல்லீங்க."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லவேளைங்க" என்றார். "எங்கப்பன் இதப் பாக்க உசுரோட இல்ல."

பிறகு அண்ணனின் இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். டம்ளரை எடுத்து இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டார். சோற்றின் மேல் இலையை மடித்து மூடினார். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த இலையை மூடியது அன்றைக்குத்தான் என்று அவர் சொல்லவில்லை. மூடத் தெரியாத மாதிரி கை இரண்டு தடவை தடுமாறியது.

பகல் 2.00. கிளம்பினேன். கத்தியை நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. தூர் வாருகிறவர்களை நாளைக்கே வரச் சொல்ல வேண்டும், இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும், இந்தத் தடவை நான் கரையில் உட்கார்ந்திருப்பேன் என்றார். வாசல் வரை வந்து, வெறும் கூடையோடு போகாதீர்கள் என்று ஒரு சீப்பு பூவம்பழம் கூடையில் வைத்தார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கிணற்றைக் கடக்கும்போது செம்மண் பக்கம் திரும்பவில்லை. திரும்பிப் போகிற வழியில் கூடை ஒரு சத்தமும் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

பகல் 3.40. உடுமலை பஸ் நிலையம். ரூபாய்க்கு மூன்று என்று எலுமிச்சம்பழம் விற்றார்கள். வாங்கினேன். எதற்கு என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. திருப்பூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கத்தி சுற்றிய துணியை எடுத்துப் பார்த்தேன். அப்பளம் மாதிரிக் காய்ந்திருந்தது. விரலால் நசுக்கினால் உடைந்துவிடும் போலிருந்தது.

சாயங்காலம் 6.20. திருப்பூர். பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்தபோது கீழே நொய்யல் அன்றைக்குச் சிவப்பாக ஓடியது. எங்கள் ஊர்த் தண்ணீருக்குத் தினம் ஒரு சாயம், எதை மூடிக்கொண்டு ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. கொமரலிங்கத்தில் தண்ணீர் தெளிவாக இருந்தது. உடுமலையில் நான் பிழிந்ததும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு, பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். அரிவாள்மணையையும் மூன்று பழத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முப்பத்தொரு கத்தி. எதிலெதில் புள்ளி இருந்தது, எதிலெதில் கீறல் இருந்தது, எதை எதைத் தேய்த்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. எல்லாம் பளபளவென்று படுத்திருந்தன. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினேன்.

பழத்தை அறுக்க வேண்டியிருக்கவில்லை. பதினேழாவது கத்தியை எடுத்தபோது அதற்கு அடியில் மட்டும் டப்பாவில் விரித்திருந்த துணி ஈரமாக இருந்தது. அது எந்த ஊர் லோடில் வந்தது என்று கேட்க, மறுநாள் காலை கடை திறக்கும் முன்னமே காதர் பாய் கடை வாசலில் போய் நின்றேன்.